ஆங்கிலச் சாடைத் தொடர்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாடைத் தொடர் என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

ஒருவர் கனமான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். மூச்சு வாங்க, "இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை" என்கிறார். பின்னால் வரும் நண்பர் உடனே "தட்ஸ் வாட் ஷி செட்" என்கிறார். அதாவது, "அதைத்தான் அவளும் சொன்னாள்". பெட்டியைப் பற்றிய வாக்கியம் அந்த நொடியில் படுக்கையறைக்குள் போய்விடுகிறது. கவனித்துப் பார்த்தால், பெட்டியைத் தூக்கியவர் வாயிலிருந்து ஆபாசமான சொல் ஒன்றும் வரவில்லை. நண்பர் வாயிலிருந்தும் வரவில்லை. நடந்ததெல்லாம் கேட்டவரின் தலைக்குள் நடந்தது. தன்னளவில் ஒரு கெட்ட சொல்லையும் சுமக்காமல், பக்கத்தில் இருக்கும் பாவப்பட்ட வாக்கியத்தின் மீது பாலியல் பொருளை ஏற்றிவிடுகிற, எவரும் எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கிற இத்தகைய சொற்றொடர்களையே இங்கே சாடைத் தொடர்கள் என்கிறோம்.

சாடைப் பேச்சை ஆங்கிலத்தில் குறிக்கும் 'இன்னுவெண்டோ' என்ற சொல்லுக்கு மூலப்பொருள் என்ன?

தலையசைத்துக் காட்டுவது. 'ஒன்றை நோக்கித் தலையசை' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. 'சாடை காட்டுதல்', 'சாடைமாடையாகப் பேசுதல்' என்று தமிழில் நாம் சொல்வதும் உடலசைவிலிருந்து பேச்சுக்கு வந்த வழக்குதான் என்பதால், இதற்குச் 'சாடை' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பது அரிது.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வழி வேடிக்கையானது. அது மதுக்கடை வழியாக வரவில்லை, நீதிமன்றம் வழியாக வந்தது. இலத்தீனில் ஆவணம் எழுதிவந்த பழைய ஆங்கில நீதிமன்றங்களில், அவதூறு வழக்கு தொடுப்பவர், தம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களை அப்படியே எடுத்தெழுதி, நடுவில் 'இன்னுவெண்டோ' என்று போட்டு, அது யாரைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. "அவன், இன்னுவெண்டோ இந்த வாதி, ஒரு திருடன்" என்பது போல மனு எழுதப்பட்டது. 'இங்கே இவரைத்தான் சாடை காட்டுகிறார்கள்' என்பதற்கான வக்கீல் குறிப்பே அச்சொல். 17ஆம் நூற்றாண்டில் அது நீதிமன்றத்துக்கு வெளியே வந்து, மறைமுகமாகக் குத்திப் பேசும் எந்தப் பேச்சுக்கும் பெயராகியது. பாலியல் சாயல் அதற்குப் பின்னர்தான் கெட்டிப்பட்டது. அவதூறு வழக்குகளில் பழைய சட்டப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

'டபுள் ஆன்டான்ட்ர' என்பது பிரெஞ்சுச் சொல்தானே?

தோற்றத்தில் மட்டும். இரட்டைப் பொருள்படும் பேச்சைக் குறிக்க ஆங்கிலேயர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் அந்த வடிவத்தில் அதைச் சொல்வதில்லை, 'இரட்டைப் பொருள்' என்பதற்கு வேறு தொடர் வைத்திருக்கிறார்கள்.

இது நம் சிலேடையும் இடக்கரடக்கலும் தானா?

இரண்டும் இல்லை. சிலேடையில் இரண்டு பொருளும் சொல்பவரின் பொறுப்பு: பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தும்படி ஒரே வெண்பாவைக் கட்டிய காளமேகத்தின் திறமையைத்தான் நாம் வியக்கிறோம். இடக்கரடக்கல் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அவையில் சொல்லத்தகாத ஒன்றைச் சொல்ல வேண்டி வரும்போது, 'கால் கழுவி வந்தான்' என்பது போல நல்ல சொல்லால் மூடிவிடுவது அது. சாடைத் தொடரோ, மூட வேண்டிய எதுவுமே இல்லாத வாக்கியத்தின் மீது ஒரு போர்வையைப் போட்டு, உள்ளே ஏதோ இருப்பதாக எல்லோரையும் நம்பவைக்கிறது. இடக்கரடக்கலைத் தலைகீழாகக் கவிழ்த்தது என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும்.

"நடிகை பிஷப்பிடம் சொன்னதைப் போல" என்ற தொடரை முதலில் சொன்னவர் யார்?

'ஆஸ் தி ஆக்ட்ரஸ் செட் டு த பிஷப்' என்பது பிரித்தானியர்களின் கைச்சரக்கு. பல் மருத்துவரிடம் போய் வந்தவர், "சீக்கிரம் முடித்துவிடுவதாகத்தான் சொன்னார்" என்றால், அதன் வாலில் இதை ஒட்டிவிடுவார்கள். அமெரிக்கர்களின் 'அவளும் அதைத்தான் சொன்னாள்' என்பதற்கு இது மூத்த அக்கா.

முதலில் சொன்னவர் பெயர் எவருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. நியூசிலாந்தில் பிறந்து, ஆங்கிலக் கொச்சை வழக்குகளைத் தொகுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட எரிக் பார்ட்ரிட்ஜ், இரண்டாம் உலகப்போர்க் கால விமானப்படையினரிடையே இது புழங்கியதைப் பதிவுசெய்து, வேர் எட்வர்ட் மன்னர் காலத்துக்கு, அதாவது 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்கு, போகக்கூடும் என்று கருதினார். அச்சில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் லெஸ்லி சார்ட்டரிஸ். 1907-இல் சிங்கப்பூரில், சீனத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். 1928-இல் அவர் தொடங்கிய 'தி செயின்ட்' துப்பறியும் கதைகளின் நாயகன் சைமன் டெம்ப்ளர் இந்தத் தொடரை அடிக்கடி வீசுகிறவன்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அச்சில் முதலில் அகப்பட்டவரே படைத்தவர் என்று எடுத்துக்கொள்வது, ஆற்றில் முதலில் குளித்தவரை ஆற்றின் தகப்பன் என்பது போன்றது. சார்ட்டரிஸின் நாயகன் இதைச் சொல்லும்போது வாசகருக்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பதே, மக்கள் வாயில் அது முன்னமே புழங்கியதற்குச் சான்று. மாலுமிகள், சிப்பாய்கள், ஆலைத் தொழிலாளர்கள் பேசிச் சிரித்தது எதுவும் அக்காலத்தில் அச்சேறவில்லை. அச்சேற்றினால் வழக்கு வரும்.

ஏன் நடிகை, ஏன் பிஷப்?

இங்கிலாந்தின் பொதுமேடையில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660-க்குப் பிறகுதான். அன்று முதல் விக்டோரியா அரசியின் காலம் முடியும் வரையிலும், நடிகை என்றால் ஒழுக்கம் தளர்ந்தவள் என்ற எண்ணம் அந்தச் சமூகத்தில் ஊறிக் கிடந்தது. மறுமுனையில் ஆங்கிலிக்கன் சபையின் பிஷப்: பிரபுக்கள் சபையில் இருக்கை உள்ளவர், அரசு மரியாதையின் மொத்த உருவம். இந்த இருவரும் தனியறையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, தொடர் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது.

இதற்கு மூலக்கதை ஒன்றும் சொல்வார்கள். புகழ்பெற்ற நடிகை லில்லி லாங்ட்ரி (1853–1929) ஒரு மாளிகை விருந்தில் பிஷப் ஒருவரோடு தோட்டத்தில் உலாவினாராம். ரோஜா முள் பிஷப்பின் விரலில் குத்தியதாம். சாப்பாட்டு மேசையில் நடிகை அக்கறையோடு அதைப் பற்றி விசாரித்தாராம். முள் குத்தியதைக் குறிக்கும் 'பிரிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொச்சையில் ஆண்குறி என்றும் பொருள். "இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது" என்று பிஷப் பதில் சொன்னதும், பரிமாறிக்கொண்டிருந்த பணியாளர் உருளைக்கிழங்குத் தட்டைக் கீழே போட்டுவிட்டார் என்று கதை முடியும். அருமையான கதை, ஆனால் நடந்ததற்குச் சான்று கிடையாது. போதாக்குறைக்கு, சிரிப்பு மூட்டும் வரியைச் சொன்னவர் இதில் பிஷப், நடிகை அல்ல. தொடருக்குப் பொருத்தமாகப் பின்னால் தைத்த சட்டை என்பது அதிலேயே தெரிகிறது.

இன்னொரு முடிச்சும் போடத் தோன்றும். இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், விஞ்செஸ்டர் பிஷப்பின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிலத்தில், இடைக்காலத்தில் பரத்தையர் விடுதிகள் முறையான விதிகளோடு நடந்தன. அங்கே இருந்த பெண்களுக்கு 'விஞ்செஸ்டர் வாத்துகள்' என்றே பெயர். பின்னாளில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு எழுந்ததும் அதே கரையில்தான். பிஷப், பரத்தையர், நாடகம் மூன்றும் ஓரிடத்தில் கூடிவிட்டால் வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் காலம் ஒத்துவரவில்லை: அந்த விடுதிகளை எட்டாம் ஹென்றி 1546-இல் மூடிவிட்டார், குளோப் கட்டப்பட்டது 1599-இல், மேடையில் பெண் வேடமிட்டவர்கள் அப்போதெல்லாம் சிறுவர்கள்.

"இன்னார் இன்னாரிடம் சொன்னதைப் போல" என்ற அச்சு எங்கிருந்து வந்தது?

அதற்கு வயது மிக அதிகம். "அவரவர் விருப்பம் அவரவர்க்கு, பசுவுக்கு முத்தம் கொடுத்தவன் சொன்னதைப் போல" என்ற பொருளில் ஒரு பழமொழியை ஜான் ஹேவுட் 1546-இலேயே தம் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். பொதுவான ஒரு கூற்று, அதைச் சொன்னதாக ஓர் ஆள், அந்த ஆள் அதைச் சொன்ன விபரீதமான சூழல் என்ற மூன்று பகுதிகளும் அதில் இருக்கின்றன. 1836–37-இல் தவணைகளாக வந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், சார்லஸ் டிக்கன்ஸ் படைத்த சாம் வெல்லர் என்ற பணியாளன் இந்த அச்சிலேயே பேசித் தள்ளுவான். "தூக்கத்தைப் போலப் புத்துணர்ச்சி தருவது வேறில்லை, முட்டைக் கிண்ணம் நிறைய அபினிக் கரைசலைக் குடிக்கப்போன வேலைக்காரப் பெண் சொன்னதைப் போல" என்பது அவன் சொல்வதில் ஒன்று. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'வெல்லரிசம்' என்று பெயர் வந்தது அவனால்தான்.

நடிகையும் பிஷப்பும் செய்த மாற்றம் சிறியது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. வெல்லரிசத்தில் மூன்று பகுதிகளையும் ஒருவரே சொல்லி முடிக்கிறார். இங்கே முதல் பகுதியை இன்னொருவர் அறியாமல் சொல்லிவிடுகிறார். மூன்றாம் பகுதியான சூழலைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். 'தட்ஸ் வாட் ஷி செட்' இன்னும் ஒரு படி மேலே போய், ஆளின் பெயரையும் உதறிவிட்டு 'ஷி' என்ற ஓரசையை மட்டும் வைத்துக்கொண்டது.

"தட்ஸ் வாட் ஷி செட்" ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பிறந்தது என்கிறார்களே?

பரவியது அங்கே, பிறந்தது அங்கே அல்ல. அதன் நெருங்கிய உறவினர் ஒருவர் 1929-இலேயே படச்சுருளில் பதிவாகியிருக்கிறார். இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரித்தானியாவின் தொடக்கக் காலப் பேசும் படங்களுள் ஒன்றான 'பிளாக்மெயில்' படத்துக்காக, நாயகி ஆனி ஒன்ட்ராவின் குரலைச் சோதித்துப் பார்த்த சிறு துண்டு அது. இருவரும் கேமராவின் முன்னால் நிற்கிறார்கள். நீங்கள் ஆண்களோடு உறங்கியதுண்டா என்கிற அளவுக்கு ஹிட்ச்காக் அவரைச் சீண்டுகிறார். அவர் வெட்கப்பட்டு நெளிகிறார். பிறகு ஹிட்ச்காக், உங்கள் இடத்தில் சரியாக நில்லுங்கள், இல்லாவிட்டால் சரியாக வராது என்று சொல்லி, "அந்தப் பெண் சிப்பாயிடம் சொன்னதைப் போல" என்று முடிக்கிறார். ஒன்ட்ரா சிரித்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேடிக்கை என்று பெயர் பெற்ற அந்தக் காட்சியை இன்று பார்க்கும்போது, முதலாளி இடத்தில் இருப்பவர் தப்பித்துப் போக வழியில்லாத ஒருவரிடம் பேசும் பேச்சாகவே எனக்குப் படுகிறது. ஒன்ட்ராவின் ஆங்கிலத்தில் அயல்நாட்டுச் சாயல் இருந்ததால், படத்தில் அவர் வாயசைக்க, ஜோன் பேரி கேமராவுக்கு வெளியே நின்று வசனம் பேசினார்.

அமெரிக்காவில் 1992-இல் வந்த 'வெய்ன்ஸ் வேர்ல்ட்' படம் 'தட்ஸ் வாட் ஷி செட்' வடிவத்தை இளைஞர்கள் மத்தியில் கொண்டுசேர்த்தது. 2005 முதல் 2013 வரை ஓடிய 'தி ஆஃபீஸ்' அதை உலகமெங்கும் பரப்பியது. ஸ்டீவ் கரெல் நடித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட், எந்த இடம், எவர் முன்னிலை என்று பார்க்காமல் இதைச் சொல்லிவிடுவார். 2005-இல் வந்த இரண்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயம் முழுவதும் அலுவலகப் பாலியல் தொல்லை பற்றியது. இனி இத்தகைய நகைச்சுவையே கிடையாது என்று அவர் சபதம் எடுத்துக்கொள்கிறார். எதிரே நிற்கும் ஊழியர் ஜிம், முகத்தில் சிரிப்பே இல்லாமல், அது மிகக் கடினமாயிற்றே, நாள் முழுக்கத் தாக்குப்பிடிப்பீர்களா என்று தூண்டில் மேல் தூண்டிலாகப் போடுகிறார். மேலாளர் பல்லைக் கடித்துப் பார்க்கிறார், முடியவில்லை. அந்தச் சொற்றொடர் வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. சிரிப்பு அங்கே சாடைக்கு அல்ல, அடக்கமாட்டாத ஆளுக்கு.

இதற்கு மூலமான பிரித்தானிய 'தி ஆஃபீஸ்' (2001–2003) தொடரில், அதே இடத்தில் இருக்கும் டேவிட் பிரென்ட் சொல்வது, எதிர்பார்க்கக்கூடியபடியே, நடிகையையும் பிஷப்பையும்தான்.

பிரித்தானியாவில் மட்டும் இவை ஏன் இப்படிக் காடாக வளர்ந்தன?

தணிக்கைதான் உரம். 1737 முதல் 1968 வரை, இங்கிலாந்தில் ஒரு புதிய நாடகத்தை மேடையேற்ற வேண்டுமானால் அதன் எழுத்துப்படி லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். தாளில் இருப்பதைத்தான் அதிகாரியால் வெட்ட முடியும். கண்சிமிட்டலையும் இடைநிறுத்தத்தையும் எந்தப் பேனாவாலும் அடிக்க முடியாது. தணிக்கை இறுக இறுக, நடிகர்கள் எழுத்தில் அகப்படாத இடத்துக்கு நகைச்சுவையை நகர்த்தினார்கள்.

மியூசிக் ஹால் எனப்பட்ட பாட்டு அரங்குகளில் இதற்குப் பேரரசி மேரி லாய்ட் (1870–1922). முதல்முறை இரயிலேறும் நாட்டுப்புறப் பெண்ணைப் பற்றி 1890-களில் அவர் பாடிய பாட்டில், "அவள் டிக்கெட்டில் அதற்கு முன் ஒருவரும் துளை போட்டதில்லை" என்று ஒரு வரி வரும். இரயில்வே ஊழியர் எவரும் அதில் குற்றம் காண முடியாது. கண்ணை எப்படி உருட்டினார், எந்தச் சொல்லில் நிறுத்தினார் என்பதில்தான் அரங்கம் அதிர்ந்தது.

அடுத்த தலைமுறையில் மேக்ஸ் மில்லர் (1894–1963). பூப்போட்ட பளபளக்கும் உடையோடு மேடைக்கு வந்து, வெள்ளை அட்டைப் புத்தகம் ஒன்றையும் நீல அட்டைப் புத்தகம் ஒன்றையும் நீட்டி, எதிலிருந்து நகைச்சுவை வேண்டும் என்று கேட்பார். ஆங்கிலத்தில் நீலம் என்றால் ஆபாசம். கூட்டம் நீலத்தைக் கேட்கும். ஒரு செய்யுளைச் சொல்லிக்கொண்டே போய், எதுகைக்கு ஒரு கெட்ட சொல் மட்டுமே பொருந்தக்கூடிய இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார். கூட்டம் அந்தச் சொல்லை மனத்துக்குள் முடித்துச் சிரித்ததும், "உங்களைப் போன்றவர்களால்தான் எனக்குக் கெட்ட பெயர்" என்று கடிந்துகொள்வார். பழியைக் கேட்பவர் தலையில் கட்டும் இந்த வித்தையை இவ்வளவு வெளிப்படையாக மேடையில் வைத்துக் காட்டியவர் வேறு எவரும் இருப்பார்களா என்பது சந்தேகமே.

வானொலி இன்னும் கெடுபிடி. 1940-களின் இறுதியில் பிபிசி தன் நகைச்சுவை எழுத்தாளர்களுக்கு ஒரு வழிகாட்டியைத் தந்தது. 'பச்சைப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். கழிப்பறை, பெண்தன்மையுள்ள ஆண்கள், தேனிலவுத் தம்பதிகள், விடுதிப் பணிப்பெண்கள், அத்தியிலை, முயல்களின் பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றிய சாடைகள் கூடாது என்று அது பட்டியலிட்டது. பெண்களின் உள்ளாடை பற்றிய தடைக்கு எடுத்துக்காட்டாக அந்த நூலே தந்திருக்கும் தொடர் 'வின்டர் டிராஸ் ஆன்'. குளிர்காலம் நெருங்குகிறது என்று பொருள். காதில் விழும்போது, குளிர்கால உள்ளாடையை மாட்டியாயிற்று என்றும் கேட்கும். சாடையைத் தடுக்க வேண்டுமானால் முதலில் தணிக்கையாளருக்கு அது புரிந்திருக்க வேண்டும் என்பதும், புரிந்ததை அவரே அச்சிட்டு விநியோகிக்க வேண்டியிருந்தது என்பதும் இதில் உள்ள இரட்டிப்பு வேடிக்கை.

கடற்கரை அஞ்சலட்டைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்குப் போன தொழிலாளர் குடும்பங்கள் வாங்கி அனுப்பிய வண்ண அட்டைகள் அவை. வரைந்தவர்களில் பெயர் பெற்றவர் டொனால்ட் மெக்கில் (1875–1962). மிக அதிகமாக விற்றதாகச் சொல்லப்படும் அட்டையில் ஓர் இளைஞன் புத்தகமும் கையுமாக ஒரு பெண்ணிடம், "கிப்ளிங் பிடிக்குமா?" என்று கேட்கிறான். அவள் சொல்கிறாள்: "போக்கிரி, எனக்குத் தெரியாதே, நான் கிப்பிளியதே இல்லை!" பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் பெயரை, 'இங்' விகுதி கொண்ட தொழிற்பெயர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். 'கிப்பிள்' என்ற வினைக்கு ஆங்கிலத்தில் பொருளே இல்லை என்பதுதான் இதன் உச்சம்.

1941-இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் மெக்கிலைப் பற்றிப் பரிவோடு ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் 1954-இல், தம் எழுபத்தொன்பதாம் வயதில், மெக்கில் லிங்கன் நகர நீதிமன்றத்தில் ஆபாசச் சட்டத்தின் கீழ் நிறுத்தப்பட்டு, 50 பவுண்டு அபராதமும் 25 பவுண்டு வழக்குச் செலவும் கட்டினார். அந்தச் சட்டம் 1857-ஆம் ஆண்டுச் சட்டம்.

"நட்ஜ் நட்ஜ், விங்க் விங்க்" எதைக் குறிக்கிறது?

முழங்கையால் இடிப்பதையும் கண்ணடிப்பதையும். 1969 அக்டோபரில் ஒளிபரப்பான 'மான்டி பைத்தான்' என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில் இது வருகிறது. மதுக்கடையில் எரிக் ஐடில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டெரி ஜோன்ஸை முழங்கையால் இடித்து இடித்து, உங்கள் மனைவி எப்படி, புகைப்படத்தில் ஆர்வம் உண்டா, புரிகிறதா, மேலே சொல்ல வேண்டாம் என்று துளைத்தெடுக்கிறார். பொறுமை இழந்த ஜோன்ஸ், நீர் என்னதான் கேட்க வருகிறீர் என்று மடக்குகிறார். நீங்கள் ஒரு பெண்ணோடு படுத்திருக்கிறீர்கள் அல்லவா என்று ஐடில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். ஆம் என்றதும், "எப்படி இருக்கும்?" என்கிறார்.

அதுவரை எல்லாம் தெரிந்தவர் போலச் சாடை பேசியவருக்கு ஒன்றுமே தெரியாது. இந்தப் பட்டியலில் உள்ள மற்றத் தொடர்கள் எல்லாம் சாடையைச் செய்கின்றன. இது ஒன்றுதான் சாடை பேசும் ஆளையே தோலுரிக்கிறது. ஆங்கில நாளிதழ்கள் இன்றும் கிசுகிசு எழுதுவோரைக் கிண்டல் செய்ய இதை எடுப்பது அதனால்தான்.

ஒருபால் விருப்பினரின் பேச்சுவழக்கு இதில் எங்கே வருகிறது?

1965 முதல் 1968 வரை, பிபிசி வானொலியில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், குடும்பமே உட்கார்ந்து கேட்ட நிகழ்ச்சி 'ரவுண்ட் த ஹார்ன்'. அதில் ஜூலியன், சாண்டி என்ற இரு நண்பர்கள் வாரந்தோறும் ஒரு புதுத் தொழிலோடு தோன்றுவார்கள். நடித்தவர்கள் ஹியூ பாடிக், கென்னத் வில்லியம்ஸ். ஒருபால் விருப்பினரும் நாடகக்காரர்களும் தமக்குள் பேசிவந்த 'பொலாரி' என்ற குழூஉக்குறிச் சொற்களை அவர்கள் தாராளமாகத் தூவினார்கள். 'போனா' என்றால் நல்லது, அழகானது.

ஒரு வாரம் அவர்கள் வழக்கறிஞர்கள். என் வழக்கை எடுத்துக்கொள்வீர்களா என்று நிகழ்ச்சியை நடத்தும் கென்னத் ஹார்ன் கேட்க, "எங்களுக்கு இருக்கும் கிரிமினல் பிராக்டிஸே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்கிறது" என்று பதில் வருகிறது. பிராக்டிஸ் என்பது வக்கீல் தொழில். பழக்கம் என்றும் பொருள். ஆண்களுக்கு இடையேயான உறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலம் அது. 21 வயது நிறைந்தவர்கள் தனிமையில், சம்மதத்தோடு என்ற வரம்பில் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 1967-இல்தான். சிறைத்தண்டனை தலைக்கு மேலே தொங்கும்போது அதையே சிலேடையாக்கி, தேசத்தின் மதியச் சாப்பாட்டு மேசையில் பரிமாறிய அந்த ஒரு வரிக்கு, இங்கே சொன்ன மற்ற அனைத்தையும் ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

1972 முதல் 1985 வரை ஓடிய 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஜான் இன்மன் சொன்ன "ஐ'ம் ஃப்ரீ!" இதன் எளிய வாரிசு. கடை ஊழியர் 'நான் சும்மாதான் இருக்கிறேன்' என்று சொல்வதில் என்ன தவறு?

மே வெஸ்ட் சொன்னதாகப் பரவும் வசனங்கள் உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்க நடிகை மே வெஸ்ட் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் "கம் அப் அண்ட் சீ மீ சம்டைம்" என்பது, 1933-இல் வந்த 'ஷி டன் ஹிம் ராங்' படத்தில் வேறு சொல்வரிசையில், "ஒரு நாள் மேலே வந்து என்னைப் பாருங்களேன்" என்ற கேள்வியாக, கேரி கிராண்டிடம் சொல்லப்படுகிறது. மக்கள் வாய் அதைத் திருகிச் சீராக்கிக்கொண்டது. "பையில் இருப்பது துப்பாக்கியா, அல்லது என்னைப் பார்த்த மகிழ்ச்சியா?" என்ற வசனம் நெடுங்காலம் அவர் பெயரில் உலவியது, திரையில் அவர் அதைச் சொன்னது 1978-இல் வந்த 'செக்ஸ்டெட்' படத்தில். புகழ் முன்னே போக, வசனம் பின்னே வந்தது.

அவரும் தணிக்கையால் வளர்ந்தவரே. 'செக்ஸ்' என்ற பெயரிலேயே நாடகம் போட்டதற்காக 1927-இல் அவருக்குப் பத்து நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. 1937-இல் வானொலியில் ஆதாம் ஏவாள் நாடகத்துண்டில் ஏவாளாகப் பேசினார்; எழுத்துப்படியில் இருந்ததைவிட அவர் குரல்தான் சிக்கல் என்று புகார்கள் வந்து, வானொலியிலிருந்து பல்லாண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டார்.

எந்த வாக்கியத்துக்கு 'தட்ஸ் வாட் ஷி செட்' பொருந்தும் என்று கணினியால் சொல்ல முடியுமா?

2011-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் முயன்று பார்த்தார்கள். பாலியல் கதைகளில் வரும் சொற்களோடும் வாக்கிய அமைப்போடும் ஒரு சாதாரண வாக்கியம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டு, 'தட்ஸ் வாட் ஷி செட்' பொருந்துமா என்று முடிவுசெய்யும் நிரல் அது. அவர்கள் எடுத்த ஒரு தீர்மானம் மனித அனுபவத்தோடு பொருந்துகிறது: பத்து வாய்ப்பைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, தவறான இடத்தில் ஒரு முறை சொல்லிவிடக் கூடாது.

இந்திய அலுவலகத்தில் இதைச் சொன்னால் சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத நடத்தைகளில் ஒன்றாகப் பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. 'நான் ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லையே' என்ற வாதம் மேக்ஸ் மில்லருக்கு மேடையில் உதவியது. விசாரணைக் குழுவின் முன் உதவும் என்று நம்ப வேண்டாம்.

இவற்றைத் தமிழில் பெயர்க்க முடியுமா?

தொடரைப் பெயர்ப்பது எளிது. 'அதைத்தான் அவளும் சொன்னாள்' என்று நான்காம் வகுப்பு மாணவனும் எழுதிவிடுவான். சிக்கல் அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருக்கிறது. 'இட்', 'ஹார்ட்', 'லாங்', 'கம்' போன்ற குட்டிச் சொற்களுக்கு ஆங்கிலக் கொச்சை ஏற்றி வைத்திருக்கும் பொருள்கள் வேறு. தமிழில் 'போடு', 'வை', 'எடு' போன்ற வினைகள் சுமக்கும் பொருள்கள் வேறு. ஆங்கிலத்தில் வழுக்கும் வாக்கியம் தமிழில் உறுதியாகக் காலூன்றி நிற்கும். தமிழில் வழுக்குவது ஆங்கிலத்தில் நிற்கும்.

'தி ஆஃபீஸ்' தொடரின் 2013 இறுதி அத்தியாயம் இதற்கு நல்ல சோதனை. ஊரைவிட்டுப் போன மைக்கேல், தன் பழைய ஊழியர் டுவைட்டின் திருமணத்துக்கு எதிர்பாராமல் வந்து நிற்கிறார். கண்கலங்கிய டுவைட், "நீங்கள் வந்ததை நம்பவே முடியவில்லை" என்கிறார். மைக்கேலின் பதில் அந்தப் பழைய மூன்று நான்கு சொற்கள்தான். 'வந்தது' என்பதற்கான ஆங்கில வினைக்குக் கொச்சையில் உடலுறவின் உச்சம் என்றும் பொருள். தமிழின் 'வந்தது' என்பதில் அது இல்லை. 'அதைத்தான் அவளும் சொன்னாள்' என்று துணைவரி ஓடினால், யார் அவள், எப்போது வந்தாள் என்று பார்ப்பவர் தேடத் தொடங்குவார். அந்த இடத்தில் 'தட்ஸ் வாட் ஷி செட்' என்று தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிடுவதுதான் என் தேர்வு. அத்தனை பருவங்களையும் பார்த்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவருக்கு, அந்த ஒலியே போதும்.